வெளியே ஏழு, உள்ளே ஐந்து

மார்ச் 3, செவ்வாய்

காலை நடையில் பேங்க்காரர் தன் புதுக் கம்ப்யூட்டர் புராணத்தை ஆரம்பித்தார். ஓய்வு பெறும்வரை ஒரு கிளைக்கு மேனேஜராக இருந்தவர். எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் கடன் கேட்டுத்தான் வருகிறார்கள் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. பூங்காவைச் சுற்றி முடிப்பதற்குள் திரை எவ்வளவு அகலம், எத்தனை நொடியில் திறக்கிறது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உங்க வீட்டுல என்ன பிராசஸர் சார்?" என்றார்.

"ஏழு" என்றேன்.

கூட நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிராசஸர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை, அதில் மூன்று, ஐந்து, ஏழு என்று தரம் உண்டு, ஏழு உசத்தி - இதெல்லாம் எங்கள் பூங்காவில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஏழு என்று நான் அளக்கவும் இல்லை. பெட்டியின் முகத்திலேயே வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஏழு.

நாளைக்கு வந்து பார்க்கிறாராம். வரட்டும்.

மார்ச் 4, புதன்

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவுடன் மவுசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் மவுஸ்!

"இந்த இடத்துல அமுக்குனா சிஸ்டமே சொல்லிடும் சார்."

சொல்லிவிட்டது. ஐந்து.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பதில் சொல்லியிருப்பேன். "அஞ்சும் நல்லதுதான் சார், உங்க உபயோகத்துக்கு" என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போனார்.

என் உபயோகத்துக்கு! என்ன உபயோகம் என்று தெரியுமா அவருக்கு? பஸ் டிப்போவில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் மனு எழுதித் தருகிறேன். ஒரு விரலில் டைப் அடிக்க ஆரம்பித்து இப்போது இரண்டு விரலுக்கு வந்திருக்கிறேன். ஒரு மனுவுக்கும் இதுவரை பதில் வந்ததில்லை என்பது வேறு விஷயம். அது அவர்கள் யோக்கியதை.

மார்ச் 5, வியாழன்

நன்றாக யோசித்துப் பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கவில்லை. மாப்பிள்ளை ஒவ்வொரு பாகமாக வாங்கி, எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சேர்த்துக் கொடுத்தது. மகளைக் கட்டிக்கொடுத்த அடுத்த வருஷம். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லியும் விலையைச் சட்டைப் பையில் திணித்தேன். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள பில் எதுக்கு மாமா?" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பாசமாகத் தெரிந்தது.

டிப்போ ஸ்டோரில் நான் இருந்த காலம்வரை, அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு பேரிங்கைக் கூட உள்ளே விட்டதில்லை. பெட்டியைப் பிரித்து, கிரீஸைத் துடைத்து, இரும்பில் குத்தியிருக்கும் எண்ணைப் படிப்பேன். நல்ல பெட்டிக்குள் மட்டமான சரக்கு வைத்து எத்தனை பேர் வந்தார்கள்! சிரித்துக்கொண்டேதான் வருவார்கள். அந்த நான், என் வீட்டுக்குள் வந்த சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மாப்பிள்ளை என்ற ஒரே காரணம்.

மார்ச் 6, வெள்ளி

போனில் மாப்பிள்ளையிடம் நேரடியாகவே கேட்டேன். "நம்ம கம்ப்யூட்டர்ல ஏழு எங்கே?"

"ஏழா? உங்களுக்கு என்ன தேவையோ அது இருக்கு மாமா. மனு டைப் பண்றதுக்கு அதுவே அதிகம்" என்று சிரித்தார்.

குறித்துக்கொண்டேன். கேள்விக்குப் பதில் இல்லை, சிரிப்பு.

மார்ச் 8, ஞாயிறு

இன்று வந்திருந்தார்கள். மகள் முகத்தில் ஏதோ சொல்ல வேண்டிய செய்தி இருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். நான் சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டேன். எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"வெளியில ஒண்ணு, உள்ள ஒண்ணு. எங்க ஸ்டோர்ல அதுக்கு ஒரு பேரு உண்டு" என்றேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "என்ன பேரு மாமா?"

சொன்னேன். திருட்டு என்று. சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"நான் எப்பவாவது உங்ககிட்ட ஏழுன்னு சொன்னேனா?"

"வாயைத் தொறந்து சொன்னாத்தான் சொன்னதா?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். இவள் அப்போதுதான் சமையலறையிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். என்ன நடந்தது என்றே புரியாமல் சொம்போடு நின்றாள். மகள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, "அப்பா, நீங்க மனுஷங்களையும் பார்ட் நம்பர் வச்சுத்தான் பார்ப்பீங்களா?" என்றாள்.

கேள்வி கேட்டது நான். கோபித்துக்கொண்டு போனது அவர்கள். இது என்ன நியாயம்?

மார்ச் 9, திங்கள்

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

"என்னதாங்க சண்டை? அந்தப் பிள்ளை சாப்பிடாம போயிருக்கு" என்றாள் இவள்.

"டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"பிராசஸர் விஷயம்."

"அது உள்ளதானே இருக்கும்?"

"உள்ளேதான்."

"உள்ள இருக்கறதுக்கெல்லாமா சண்டை போடுவீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

மார்ச் 12, வியாழன்

ஒரு புதிய கோணம் தோன்றியிருக்கிறது. ஏன் இது முன்பே தோன்றவில்லை?

திரையில் தெரிகிற பிராசஸர் பெயரையே மாற்றிக் காட்டலாமாம். ஒரு வீடியோவில் ஒருவன் தன் கம்ப்யூட்டரில், தான் சாப்பிட்ட பலகாரத்தின் பெயரைப் பிராசஸர் பெயராக வரவைத்துக் காட்டுகிறான். ஆக, திரை சொல்வதற்கும் மதிப்பில்லை. வெளியே ஏழு என்று ஒட்டி, திரையில் ஐந்து என்று காட்டுகிறவர், உள்ளே மூன்றை வைத்திருக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மூன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

பிராசஸரை ஆராய்ந்து சொல்வதற்கென்றே ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. இறக்கிப் பார்த்தேன். ஐந்து என்றது. உள்ளே எத்தனை பிரிவு, என்ன வேகம், எந்த வருஷத்துச் சரக்கு எல்லாம் புட்டுப் புட்டு வைத்தது. எல்லாமே ஐந்துக்குப் பொருந்துகிறது.

ஆனால் அதுவும் அந்தப் பிராசஸரைத்தானே கேட்டுச் சொல்கிறது? திருடனிடமே "நீ யாரப்பா?" என்று கேட்டு எழுதிக்கொள்வது போல.

மூன்று இல்லாமல் போனதில் கொஞ்சம் ஏமாற்றம் என்று எழுதினால் தப்பாகப் படும். எழுதவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வரவில்லை. இவள் போனில் பேசிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்திருக்காம். ரொம்ப தூரம். மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றாங்க."

"யார் சொன்னது?"

"உங்க பொண்ணு. போன ஞாயித்துக்கிழமை அதைச் சொல்லத்தான் வந்தாங்களாம். நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

ரயிலில் ஒரு பகல் ஒரு இரவு ஆகும் ஊர். நினைத்த ஞாயிறு வந்து போகிற தூரம் இல்லை. மாற்றலுக்கும் பிராசஸருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைத் தீர்க்காமல் அவர் ஊரை விட்டுப் போய்விட்டால், பிறகு யாரிடம் கேட்பது?

இவள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். வழியனுப்பப் போக வேண்டாமா என்று.

மார்ச் 17, செவ்வாய்

தெருமுனையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. அங்கே இருப்பவர் கடை நிறைய வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வார்.

"உள்ளே உண்மையிலே எந்தப் பிராசஸர்னு கண்டுபிடிக்கணும்."

"ஸ்க்ரீன்ல காட்டும் சார்."

"ஸ்க்ரீன்ல காட்டுது."

"அப்ப அதான் சார்."

"ஸ்க்ரீனை நம்ப முடியாது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சார், பிராசஸர் மேலேயே பேரு பொறிச்சிருக்கும். அதைப் பார்க்கணும்னா மேல இருக்கற ஃபேனைக் கழட்டணும். நடுவுல சூடு கடத்தற பேஸ்ட் காய்ஞ்சு பிடிச்சிருக்கும். கொஞ்ச நேரம் ஓட விட்டு, சூடாக்கி, மெதுவா திருகித் திருகி எடுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா பிராசஸரும் கூடவே பிடுங்கிட்டு வந்துடும். எதுக்கு சார் இந்த வேலை? நல்லாத்தானே ஓடுது?"

நல்லா ஓடுவதா இப்போது பிரச்சினை? ஆனால் ஒரு விஷயம் நல்லதாகப் போயிற்று. பெயர் பொறிச்சிருக்கும். இரும்பில் குத்திய எண். டிப்போவாக இருந்தாலும் வீடாக இருந்தாலும் கடைசியில் அதுதான்.

மார்ச் 19, வியாழன்

மகள் போன் செய்தாள். என்னிடம்.

"அப்பா, அவர் ஒண்ணும் மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்கல. நீங்க வந்து ஒரு தடவை சாதாரணமா பேசினாப் போதும். போற நேரத்துல இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போகணுமா?"

"உண்மை தெரியட்டும். பேசறேன்."

"என்ன உண்மை?"

"உள்ளே என்ன இருக்குன்னு."

"உங்களுக்கு நான் வேணுமா, அது வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

குரல் உடைந்திருந்தது. எனக்குக் கேட்டது. கேட்காமல் இல்லை.

மார்ச் 21, சனி

திறந்துவிட்டேன்.

இவள் கடைக்குப் போயிருந்த நேரம். ஸ்க்ரூ எல்லாம் கழற்றி, தட்டில் வரிசைப்படி வைத்தேன். ஃபேனை விடுவித்துப் பார்த்தேன், அசையவில்லை. சர்வீஸ்காரர் சூடாக்கச் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரை ஓட விட்டால் அதற்குள் ஏதாவது செய்துகொண்டு ஆதாரம் கலைந்துவிடும் என்று ஒரு எண்ணம். இப்போது எழுதும்போது அந்த எண்ணத்துக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அப்போது புரிந்தது.

இழுத்தேன். வந்துவிட்டது. ஃபேனோடு பிராசஸரும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக் கூட இருந்தது. இதோ கையில் இருக்கிறதே!

பழைய பனியன் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, அந்தச் சாம்பல் நிறப் பேஸ்ட்டைத் துடைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றாகத் துலங்கியது.

ஐந்து.

திரை சொன்னதும் ஐந்து. மென்பொருள் சொன்னதும் ஐந்து. இரும்பு சொல்வதும் ஐந்து. ஆக எல்லோரும் உண்மை பேசியிருக்கிறார்கள். பொய் சொன்னது வெளியே ஒட்டியிருக்கும் அந்த ஏழு மட்டும்தான். குற்றம் நிரூபணமாகிவிட்டது.

திருப்பி வைக்கலாம் என்று கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகள், வரிசை வரிசையாக. ஒரு ஓரம் முழுவதும் காற்றில் சாய்ந்த புல் மாதிரி சாய்ந்து கிடந்தது.

மார்ச் 22, ஞாயிறு

ஷேவிங் பிளேடை வரிசைக்கு நடுவில் விட்டு ஊசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உற்றுப் பார்த்ததில். எல்லாம் நிமிர்ந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்து, அப்படியே கையோடு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் இனி ஓடாது. நிரூபணம் இருக்கிறது.

மகள் இன்றும் வரவில்லை.

மார்ச் 23, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலை நடைக்குப் போகவில்லை. கேஸ் முழுவதும் கையில் இருக்கிறது, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதலிலிருந்து விளக்கினேன். பிராசஸரைக் காகிதத்தில் வைத்துக் காட்டினேன்.

"உள்ளே என்ன இருந்தது? அஞ்சு. வெளியே என்ன எழுதியிருக்கு? ஏழு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

இவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். "எங்க எழுதியிருக்கு?"

"இதோ! இந்த ஸ்டிக்கர். கம்பெனி ஸ்டிக்கர்."

"இதுவா?" என்றாள். ஸ்டிக்கரை விரலால் தடவினாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இதை நான்தானே ஒட்டினேன்."

"எதுக்கு?" என்றேன்.

"ஒட்டடை அடிக்க ஸ்டூலை இழுத்தேன். ஸ்டூல் கால் இடிச்சு இந்த இடத்துல கீறல் விழுந்துடுச்சு. நீங்க பார்த்தா வீட்டை ரெண்டாக்குவீங்களேன்னு பயம். பொண்ணு வீட்டுல வேண்டாத சாமானெல்லாம் எடுத்து வெளிய வச்சிருந்தாங்க. அதுல ஒரு காலி டப்பாவுல இது இருந்தது. மாப்பிள்ளையோட கம்ப்யூட்டருக்கு வந்த டப்பாவாம். பளபளன்னு இருக்கே, கீறலை மூடிடும்னு எடுத்துட்டு வந்தேன்."

"எப்ப?"

"போன வருஷம் எப்பவோ."

முதல் நாளிலிருந்தே அந்த ஸ்டிக்கர் அங்கே இருந்தது என்று நான் கோர்ட்டில் சத்தியம் செய்திருப்பேன்.

"இவ்வளவு நாளா ஏன்டி சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கேட்டீங்க. அந்த மிஷினைக் கேட்டீங்க. தினமும் அதைத் துடைக்கறவ நான்; என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? என்ன சண்டைன்னு நானா வந்து கேட்டா டெக்னிக்கல்னீங்க. உள்ள இருக்கற எதுக்கோ அடிச்சுக்கறீங்கன்னு நினைச்சேன். இந்தக் காகிதத்துக்காகவா அந்தப் பிள்ளையைத் திருடன்னு சொன்னீங்க?"

ஸ்டிக்கரை ஓரத்தில் நெம்பி உரித்தேன். அடியில் கீறல் இருந்தது. நகக்கண் அளவு.

"இதுக்குப் போயா மறைச்ச?" என்றேன்.

"இப்ப சொல்றீங்க" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

ஸ்டிக்கர் விஷயத்தில் சில புதிய தகவல்கள் கிடைத்துள்ளன. அவற்றின் அடிப்படையில் நிலைமையைப் பரிசீலித்து வருகிறேன்.

மனு எழுதி எழுதி எனக்கே இப்படித்தான் வருகிறது.

மார்ச் 25, புதன்

போன் பண்ணிச் சொல்லுங்கள் என்கிறாள் இவள். என்ன சொல்வது? எனக்குக் கிடைத்த ஆதாரத்தின்படி நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆதாரம் தப்பு. ஆதாரம் தப்பானதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

"அப்ப அந்தக் கீறல்தான் போன் பண்ணிப் பேசணுமா?" என்றாள்.

இவளுக்கு இவ்வளவு வாய் எப்போது வந்தது? முன்பே இருந்திருந்தால் கீறலை அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

நம்பரை எடுத்தேன். அடிக்கவில்லை. மறுபடி எடுத்தேன். என்ன ஆரம்பிப்பது? "மாப்பிள்ளை, அது வந்து" - அது வந்து என்ன?

மார்ச் 26, வியாழன்

இவள் காலையிலேயே மகள் வீட்டுக்குப் போய் மூட்டை கட்ட உதவிவிட்டு வந்தாள். நான் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரம், புத்தகம், துணி எல்லாம் அட்டைப்பெட்டிகளில் போட்டாயிற்றாம். எந்தப் பெட்டியில் எது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

"மேலே எழுதலையா?"

"மாப்பிள்ளைதான் எழுதினாரு."

"என்னன்னு?"

"'மற்றவை'ன்னு."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

சாப்பாடு இறங்கவில்லை. எல்லாப் பெட்டியிலும் மற்றவை என்று எழுதினால், எதைத் தவிர மற்றவை?

மார்ச் 28, சனி

போனேன். பெட்டிகளுக்காக மட்டும்தான் போனேன். லாரி மதியம் வருகிறது என்றார்கள். அந்த நிலையில் ஒரு வீட்டுச் சரக்கை ஏற்றினால் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கரண்டிக்கு வீட்டையே கவிழ்க்க வேண்டும். தெரிந்த ஒருவன் தெரிந்துகொண்டே சும்மா இருக்க முடியாது.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. பனியனோடு, தலை நிறைய அட்டைத் தூள்.

"வாங்க மாமா."

"மார்க்கர் இருக்கா?"

உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்தேன். மேலே குழம்புச் சட்டி, அதற்குள் புத்தகம், புத்தகத்துக்கு அடியில் ஒற்றைச் செருப்பு. ஸ்டோரில் யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

"இன்னொரு செருப்பு எங்கே?"

"வேற ஒரு 'மற்றவை'ல இருக்கும் மாமா."

மகள் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அங்கே, காலையிலேயே வந்துவிட்ட இவளும் மகளும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டது கேட்டது.

பிரித்தோம், அடுக்கினோம், எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவர் எடுத்துக் கொடுத்தார். சமையல், துணி, புத்தகம், படுக்கை, குளியல். கண்ணாடிச் சாமான்களைப் போர்வைக்குள் சுற்றிப் படுக்கைப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். இடமும் மிச்சம், உடையவும் உடையாது. அவர் வேகமாகக் கற்றுக்கொள்கிறார். இதையும் எழுதி வைக்கிறேன்.

பாதி வேலையில் சட்டைப்பையிலிருந்து பிராசஸர் இருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார்.

"நீங்களா கழட்டினீங்க?"

"ஆமா."

"சூடு பண்ணாமயா?"

"ஆமா."

"ஒரு பின் போயிருக்கு."

"தெரியும். அஞ்சுதான்."

"அஞ்சுதான் மாமா."

"அஞ்சுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"அஞ்சான்னு நீங்க கேட்கவே இல்லையே. ஏழு எங்கேன்னுதான் கேட்டீங்க. எனக்கு ஏழு எங்கேருந்து வந்ததுன்னே புரியல."

"ஸ்டிக்கர்" என்றேன். "பெட்டி மேல ஒரு ஸ்டிக்கர் இருந்தது."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "என்னோட டப்பாவுல இருந்ததா? அதைக் காணோம்னு கொஞ்ச நாள் தேடினேன். அங்க எப்படி வந்தது?"

அடுத்த அறையில் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றுகிற சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

"நான்தான் எடுத்து ஒட்டினேன்" என்றேன். "ஒட்டிட்டு மறந்துட்டேன்."

ஸ்டோரில் ஆயுள் முழுக்க லேபிளோடு வாழ்ந்தவன், தன் கையால் ஒட்டிய லேபிளை மறந்துவிட்டு அதை நம்பிச் சண்டைக்குப் போனான் என்று ஆகிவிட்டது. ஆகட்டும். இவள் பெயரை இழுத்தால் பேச்சு வளரும். லாரி வருகிற நேரம்.

மாப்பிள்ளை அடுத்த அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி மாமா" என்றார். "இந்தப் பெட்டிக்கு என்ன எழுதறது?"

காகிதம் சுற்றுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று லாரி கிளம்பியபோது மகள் என் சட்டைக் கையில் இருந்த மார்க்கர் கறையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கறை போகாது என்று அவளுக்கும் தெரியும்.

இவள் இன்று இரண்டு தடவை காபி கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

சர்வீஸ்காரர் வந்து வேறு பிராசஸர் போட்டுக் கொடுத்தார். ஃபேனைப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

"ஏழு ஒண்ணு கைவசம் இருக்கு சார். அதையே போட்டுடவா? நீங்கதான் ஆசைப்பட்டீங்களே."

"அஞ்சு."

"இல்ல சார், இதுதான் வேகம்..."

"அஞ்சுன்னா அஞ்சு."

போட்டுக் கொடுத்தார். நன்றாக ஓடுகிறது. முன்பும் நன்றாகத்தான் ஓடியது.

பேங்க்காரர் பூங்காவில் விசாரித்தார், கடைசியில் என்னதான் ஆயிற்று என்று. மூட்டு வலிக்கு நடக்க வந்தவர் நடக்கிற வேலையைப் பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மாப்பிள்ளை போன் செய்தார். மகள் இல்லை, அவர். போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.

"மாமா, அடுப்போட ரெகுலேட்டர் எதுல இருக்கு?"

"சமையல்னு போட்ட ரெண்டாவது பெட்டி. குக்கருக்குள்ள. வாஷரும் அதுலயே இருக்கு."

"எப்படி மாமா நினைவு வச்சிருக்கீங்க!"

இதில் என்ன இருக்கிறது? என்னிடம் வந்த சரக்கு.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று போன். இஸ்திரிப் பெட்டி. சொன்னேன்.

ஏப்ரல் 11, சனி

கத்தரிக்கோல். அதையும் சொன்னேன். அப்படியே அந்த ஊர் தண்ணீர் எப்படி, வீட்டுக்காரர் எப்படி என்றெல்லாம் கேட்டார் - கேட்டார் என்றால், நான் கேட்டேன், அவர் சொன்னார். இவள் பக்கத்தில் நின்று போனைக் கேட்டுக் கை நீட்டிக்கொண்டே இருந்தாள். தரவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

சாயங்காலம் மாப்பிள்ளை போன்.

"மாமா, அந்த மணி அடிக்கிற சுவர்க் கடிகாரம், அது எந்தப் பெட்டியில?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால், சுவர்ப் பக்கமிருந்து, டங் டங் என்று ஐந்து அடித்தது. நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பொதி கட்டும்போது என் கையில் ஒரு தடவை அடித்த கடிகாரம் அது.

அது அடித்து முடிகிறவரை அவர் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன்.

"படுக்கைன்னு எழுதின பெட்டியில பாருங்க" என்றேன். "நீலப் போர்வைக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்."

"தேடிப் பார்க்கறேன் மாமா" என்றார். "கிடைக்கலன்னா நாளைக்குக் கூப்பிடறேன்."